தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல்

வரிப் பெட்டையோடு சிவப்புச் சேவலைச் சேர்த்தால் கறுப்பாகக் குஞ்சு பொரிந்து வரும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. கேட்க இவ்வளவு சுலபமாக இருக்கும் காரியத்தைச் செய்து முடிப்பதற்குள் எனக்குப் போன வருஷத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மரபியல் பாவம், அது ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. தொந்தரவு முழுக்கக் கோழி விற்கிறவர்களால் வந்தது.

முட்டைக்காக ஒருநாள் குஞ்சு வாங்கி வளர்க்கிற எல்லோருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். பாதி சேவலாக நிற்கும். கொண்டையைப் பார்த்து அடையாளம் தெரிவதற்குள் மூட்டை மூட்டையாகத் தீவனம் போயிருக்கும். பெரிய பொரிப்பகங்களில் பிறந்த அன்றே பின்பக்கத்தைப் பார்த்துப் பிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அதைப் பழகுவதற்குள் குஞ்சுதான் சாகும். அதனால்தான் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிற கலப்புக்கு வந்தேன்.

அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இறகில் வெள்ளை வரி போடுகிற மரபணு இசட்டில் உட்கார்ந்திருக்கிறது, அது ஓங்கு பண்பு, ஒன்று இருந்தாலே வெளியில் தெரிந்துவிடும். வரிப் பெட்டை தன்னிடம் இருக்கும் ஒரே இசட்டை மகனுக்கு மட்டும்தான் கொடுக்கும். மகளுக்குப் போவது டபிள்யூ. ஆகவே வரி இல்லாத சேவலோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் வரி, மகள்கள் எல்லாம் வரியில்லாமல். அந்த வரிதான் குஞ்சுப் பருவத்தில் தலைப் பொட்டாகத் தெரிகிறது. பிளைமவுத் ராக் இனத்து வரிப் பெட்டை, ரோட் ஐலண்ட் ரெட் என்கிற சிவப்பு இனத்துச் சேவல், இதுதான் உலகம் முழுக்க நடக்கிற ஜோடி.

ஜோடியை மாற்றிப் போட்டால் காரியம் கெட்டது. வரிச் சேவல், சிவப்புப் பெட்டை என்று போட்டால் ஆண், பெண் எல்லாவற்றுக்கும் தலையில் பொட்டு வரும். பிரிக்கவே முடியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் வெட்டி அலைச்சல் இங்கேதான் ஆரம்பித்தது.

செல்பேசியில் விளம்பரம் பார்த்து ஒரு பண்ணைக்குப் பேசினேன். "ஒரிஜினல் பிளைமவுத் ராக், பெட்டை எத்தனை வேணும்னாலும் இருக்குதுங்க" என்றார். இரண்டு மாவட்டம் தாண்டிப் போய் இறங்கினால், பெட்டையெல்லாம் முந்தின நாளே போய்விட்டதாம், சேவல்தான் இருக்கிறதாம். எனக்குச் சேவல் வேண்டாம், பெட்டைதான் வேண்டும் என்றேன். "ஏனுங்க, இனத்தைக் கொண்டு வர்றதே சேவல்தானுங்க. இதைக் கொண்டு போய் உங்க சிவப்புப் பெட்டையில விடுங்க. எப்படிப் போட்டாலும் ஒண்ணுதானுங்க" என்று கூடையில் பிடித்தே போட்டுவிட்டார். ஒண்ணு இல்லை என்று சொல்லி, தரையில் குச்சியால் கட்டம் போட்டுக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேவலுக்கு விலை குறைத்தார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். நீங்கள் போவதாக இருந்தால், கிளம்புகிற அன்று காலையில் அந்தக் கோழியையே வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். வரி ராக்கில் சேவல் வெளிறித் தெரியும், பெட்டை கருத்துத் தெரியும். சேவலுக்கு வரி மரபணு இரண்டு, பெட்டைக்கு ஒன்று, அதனால் அப்படி. காட்டுகிற பறவை எது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

சிவப்புச் சேவல் இன்னொரு கூத்து. அரசுப் பண்ணை ஒன்றில் ரோட் ஐலண்ட் ரெட் கிடைக்கும் என்று போனேன். ஒருநாள் குஞ்சு மட்டும்தான், அதுவும் ஆண் பெண் கலந்துதான், அதற்கும் முன்பதிவு. வளர்ந்த சேவல் ஒன்று கொடுங்கள் என்றால், கழிவுக்கோழி ஏலத்தின்போது வாருங்கள் என்றார் மேசையில் இருந்தவர். ஏலம் எப்போது என்று கேட்டேன். அறிவிப்புப் பலகையில் போடுவோம் என்றார். அந்தப் பலகையில் அதற்கு முந்தின வருஷத்து ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது. சேவல் வேண்டாம், வேண்டாம் என்று ஊரே புலம்புகிறபோது, சேவல் வேண்டும் என்று கேட்கிற ஒருத்தனுக்குக் கொடுக்க ஆளில்லை. கடைசியில் அதே பண்ணைக் குஞ்சுகளை வாங்கி வளர்த்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், கறிக்கு நிறுத்தியிருந்த சேவலில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தார்.

வரிப் பெட்டைகள் அப்புறம் வேறொரு இடத்தில் கிடைத்தன. இங்கே ஒரு எச்சரிக்கை. பல நிறச் சேவல்களோடு மேய்ந்த பெட்டையைக் கொண்டுவந்து மறுநாளே முட்டை சேர்க்காதீர்கள். பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். விற்றவர் "சேவலே சேரலை, தனியாத்தான் வச்சிருந்தேன்" என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. 3 வாரம் வந்த முட்டை எல்லாம் வீட்டுக் குழம்புக்கும் ஆம்லெட்டுக்கும் போனது. வீட்டில் முணுமுணுத்தார்கள்; பரவாயில்லை.

பொரிப்பான் கட்டத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. விசிறி உள்ள பொரிப்பான், 37.5 டிகிரி, 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தை ஏற்றினேன், 21ஆம் நாள் பொரிந்தது.

திறந்து பார்த்தால் ஒரு பகுதிதான் கறுப்பு. மிச்சத்தில் சில வெளிர் மஞ்சள், சில செம்பழுப்பு. அவற்றின் தலையில் பொட்டும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "வெயில் காலத்துல குஞ்சு அப்படித்தானுங்க வரும்" என்று பதில் வந்தது. வெயிலுக்குக் குஞ்சின் நிறம் மாறும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

நடந்தது இதுதான். பெட்டைக்கு ஒரே இசட் என்பதால் வரியை ஒளித்துவைக்க அதற்கு வழியில்லை. வரி தெரிந்தால் வரி இருக்கிறது, முடிந்தது கதை. ஆனால் பொட்டு கண்ணுக்குத் தெரிய, குஞ்சின் பஞ்சு கறுப்பாக இருக்க வேண்டும். அந்தக் கறுப்பு வேறொரு மரபணு, அது பாலினக் குரோமோசோமில் இல்லை. சுத்தமான ராக் என்றால் அதில் இரண்டு பிரதியும் கறுப்பு. குஞ்சு எல்லாமே கறுப்பாக வரும். எனக்கு விற்றதில் சில பெட்டைகள் கலப்பு: ஒரு பிரதிதான் கறுப்பு. அதுகளின் குஞ்சில் பாதி கறுப்பில்லாமல் போனது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, குஞ்சு பொரிந்தால்தான் குட்டு உடையும்.

அடுத்த முறை எந்தப் பெட்டையின் முட்டை என்று பென்சிலால் குறித்து, 18ஆம் நாள் தனித்தனிச் சல்லடைப் பெட்டியில் வைத்துப் பொரிக்க விட்டேன். கலப்புப் பெட்டைகள் அப்படியே மாட்டிக்கொண்டன. ஜோடி சேர்க்க நினைக்கிறவர்கள் இதை முதல் பொரிப்பிலேயே செய்துவிடுங்கள்.

இதில் ஒரு சந்தோஷமும் கிடைத்தது. அந்தக் கறுப்பில்லாத குஞ்சுகளுக்கு நிறவாரியாகக் கால் வளையம் போட்டுத் தனியாக வளர்த்தேன். வெளிர் மஞ்சள் எல்லாம் சேவல், செம்பழுப்பு எல்லாம் பெட்டை! யோசித்தால் புரிகிறது. வரி ராக் பொதுவாக வெள்ளி நிறத்தையும் அதே இசட்டில் சுமக்கிறது. சிவப்புச் சேவலிடம் இருப்பது தங்கம். வெள்ளி ஓங்கு. தாயிடமிருந்து வெள்ளி மகனுக்குப் போகிறது, தகப்பனின் தங்கம் மகளிடம் தெரிகிறது. ஹைலைன் பிரவுன், லோமன் பிரவுன் மாதிரியான பழுப்பு முட்டைக் கோழிகளை நிறத்தை வைத்துப் பிரிப்பதும் இந்த வெள்ளி, தங்கக் கணக்கில்தான். ஏமாற்றி விற்ற பெட்டை எனக்கு இரண்டாவது பாடத்தை இலவசமாக எடுத்தது. அதற்காக விற்றவருக்கு நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

பொட்டைப் பார்ப்பதில் ஒரே ஒரு நுணுக்கம். ஈரம் காய்ந்து பஞ்சு விரியும்வரை பொறுங்கள். நனைந்த தலையில் பொட்டு ஒட்டிக்கொண்டு தெரியாது. பெட்டைக் குஞ்சுக்கும் வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெள்ளை இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தலை மட்டும்தான்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று வாழ்நாள் முழுக்க அடைவைத்தவர். என் முட்டைகளிலிருந்து அவர் தேர்ந்து கொடுத்த உருண்டை முட்டைகளையும் பொரிப்பானில் வைத்து, பொரிந்ததும் அவர் எதிரிலேயே பொட்டைப் பார்த்துப் பிரித்தேன். கிட்டத்தட்டப் பாதி சேவல். "கொண்டை வரட்டும் தம்பி, அப்புறம் பேசு" என்று போனார். கொண்டை வந்தது. பெட்டை என்று பிரித்ததில் ஒன்றுகூடக் கூவவில்லை. அதற்குப் பிறகு அவர் முட்டையின் வடிவத்தைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.

தீவனக்கடையில் ஒருவர், வெள்ளை லெகார்னில் சிவப்புச் சேவலை விடு, சுலபமாகக் கிடைக்கும் என்பார். கேட்காதீர்கள். லெகார்னின் வெள்ளை எல்லா நிறத்தையும் மூடிவிடும் ஓங்கு வெள்ளை. குஞ்சு அத்தனையும் மஞ்சளாக நிற்கும். கடக்நாத் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு விட்டால் மகள்களுக்குத் தோல் கருக்கும், மகன்களுக்கு வெளிறும். மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் 1911இல் கருந்தோல் சில்க்கி கோழியை வைத்து எழுதிய அதே விஷயம். ஆனால் பொரிந்த அன்றே நம்பிப் பிரிக்க அது போதாது.

என்னிடம் குஞ்சு வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "இதுலயே சேவலும் பெட்டையும் வச்சு நாங்களே குஞ்சு எடுத்துக்கலாமுங்களா?" எடுக்கலாம், ஆனால் பொட்டு வேலை செய்யாது. கலப்புச் சேவலிடம் வரி பாதி, கலப்புப் பெட்டையிடம் வரி இல்லை. குஞ்சில் ஆணிலும் பாதி வரி, பெண்ணிலும் பாதி வரி. ஒவ்வொரு முறையும் மூல ஜோடிக்குத்தான் திரும்ப வேண்டும். இதைச் சொன்னால், குஞ்சு விற்பதற்காக நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

பெட்டைகள் கூட்டில் தங்குவதில்லை, முன்கூட்டியே சொல்லிவைத்து எடுத்துப் போகிறார்கள். சேவல்கள்தான் தேங்குகின்றன. ஆடி மாதம் கோயிலுக்கு விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நேர்த்திக்கு வருகிறவர்கள் கறுப்பு கேட்கிறார்கள், இல்லாவிட்டால் செவலை. வரிச் சேவலை ஒருவரும் தொடுவதில்லை. கறி விலைக்குத்தான் போகிறது.