எக்ஸ்போஷர் கேள்விக்கு எப்படிப் படிப்பது?

எபிடமியாலஜி (நோய்ப் பரவலியல்) தேர்வில் காற்று மாசு ஆய்வு ஒன்றைக் கொடுத்து, எக்ஸ்போஷரை, அதாவது ஒருவர் எவ்வளவு மாசுக்கு ஆளானார் என்பதை, மதிப்பிட்ட முறையைப் பற்றிக் கேட்டால், பலரும் "ஆளாளுக்குக் கருவி மாட்டி அளக்கவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அது சரிதான். ஆனால் அதனால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

எனக்கு இது பிடிபட்டது 1993-இல் வெளியான ஹார்வர்டு ஆறு நகர ஆய்வை நிதானமாகப் படித்தபோது. அமெரிக்காவில் ஆறு ஊர்கள், 8,111 பேர். ஊர் நடுவே இருந்த மாசு அளவீட்டு நிலையத்தின் சராசரிதான் அந்த ஊர்க்காரர் எல்லோருக்கும். எஃகு ஆலை ஊரான ஸ்டூபன்வில்லில் யார் எங்கே குடியிருந்தாலும் ஒரே எண். அப்படியும், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்த பிறகு, அங்கே இறப்பு விகிதம், மாசு மிகக் குறைந்த ஊரான போர்ட்டேஜைவிட 1.26 மடங்கு இருந்தது.

இவ்வளவு தோராயமான அளவில் எப்படித் தெரிந்தது? உண்மையைச் சுற்றி அளவீடு அலைந்தால் அது கிளாசிக்கல் பிழை. விளைவைப் பூஜ்யம் பக்கம் இழுக்கும், அதாவது குறைத்துக் காட்டும். நாம் ஒதுக்கிய எண்ணைச் சுற்றி உண்மை அலைந்தால் பெர்க்சன் பிழை. விளைவு பெரிதாக நகராது, நம்பக இடைவெளிதான் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) அகலும். ஊர்ச் சராசரியை எல்லோருக்கும் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்த ஆய்வின் நிஜமான பலவீனம் வேறு: ஒப்பிட ஆறே எண்கள். ஊருக்கு ஊர் வேறுபடும் எதுவும் மாசின் வேஷத்தில் வந்துவிடலாம். இதை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், எக்ஸ்போஷரில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நாளுக்கு நாள் ஒப்பிடும் ஆய்வில் சமையலறைப் புகை அவ்வளவாகக் கெடுக்காது. வெளியே மாசு ஏறி இறங்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டுக்கு வீடு ஒப்பிட்டால் அதுவே முக்கியம். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து, 2018-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு மும்மாதத்திலும் வீட்டிலேயே 24 முதல் 48 மணி நேரம் பி.எம். 2.5 (காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள்) அளந்தது அதனால்தான். கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தெரு முனை நிலையத்தை நம்பித் தேட முடியாது.

எந்த மாசு என்பதையும் விடாதீர்கள். பி.எம். 2.5 ஊர் முழுக்க ஓரளவு சமமாகப் பரவும். நைட்ரஜன் டை ஆக்சைடோ சாலையை விட்டுச் சில நூறு மீட்டருக்குள் வேகமாகக் குறைந்துவிடும். அதற்கு ஊருக்கு ஒரு நிலையம் போதாது.

பயிற்சிக்கு, ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியை மட்டும் படித்து, பிழை எந்த வகை, விளைவு குறைந்து தெரியுமா என்று ஓரத்தில் எழுதிவிட்டு, பிறகு ஆசிரியர்கள் குறைபாடுகள் பற்றி எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.