ஆள் நின்றால்தான் காட்சி

பிராங்க் நிகழ்ச்சிக்கு எடிட் செய்கிறவன் சேட்டை பண்ணுகிறவரை அதிகம் கவனிக்க மாட்டான். அவன் கண் மாட்டிக்கொண்டவரின் முகத்தில்தான் இருக்கும். அந்த முகத்தில் குழப்பம் எப்போது வருகிறது, மரியாதைக்காகக் கோபத்தை எங்கே விழுங்குகிறார், எந்த நொடியில் பொறுமை போகிறது என்று பார்த்துத்தான் கத்தரி போடுவான். சென்னையில் ஒரு சேனலின் ஹிடன் கேமரா நிகழ்ச்சியில் சில வருடங்கள் இந்த வேலையைச் செய்தேன். பழக்கம் விடுமா? வேடம் போட்டுக்கொண்டு, விஷயம் தெரியாத நிஜ மனிதர்களிடம் பேசி அவர்கள் சுபாவத்தை அம்பலமாக்கும் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் சாஷா பேரன் கோஹனின் படங்களைப் பார்க்கும்போதும் அதே கண்தான்.

2006இல் வந்த 'போரட்' பெரிய வெற்றி. சுமார் 1.8 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். அதே நடிகர், அதே இயக்குநர் லாரி சார்லஸ் கூட்டணியில் 2009 ஜூலையில் 'ப்ரூனோ' வந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 3 கோடி டாலர் வந்தது. அடுத்த வார இறுதியில் அது ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. வந்து பார்த்தவர்கள் வெளியே போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

ஆபாசம் அதிகம், ஓரினச் சேர்க்கையாளர்களைக் கேலி செய்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இருக்கலாம். எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. போரட் கஜகஸ்தானிலிருந்து வந்த அப்பாவி விருந்தாளி. விவரம் தெரியாத ஆள் என்று நம்பி எல்லோரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். விருந்து நடக்கும் வீட்டில், கழிவறைக்குப் போய்விட்டு மலத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மேஜைக்கு வருகிறான். வீட்டுக்கார அம்மா கத்தவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய், எப்படி உபயோகிக்க வேண்டும் என்று நிதானமாக விளக்குகிறார். கார் ஓட்டச் சொல்லித்தரும் வாத்தியாரும் அப்படித்தான், என்ன பேசினாலும் பொறுமையாகத் திருத்துகிறார். ஆள் நிற்கிறார், அதனால் காட்சி வளர்கிறது.

ப்ரூனோ ஆஸ்திரியாவிலிருந்து வரும் ஃபேஷன் தொகுப்பாளன். வந்த வேகத்திலேயே எதிரில் இருப்பவரைச் சீண்டுகிறான். ரான் பால் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், அதிபர் வேட்பாளர் ஆக முயன்றவர். பேட்டி என்று அழைத்து, விளக்கு கெட்டுவிட்டது என்று படுக்கை அறையில் உட்காரவைத்து, முன்னால் ப்ரூனோ பேண்ட்டைக் கழற்றுகிறான். அவர் கோபமாக எழுந்து போய்விடுகிறார். இதில் அம்பலமானது என்ன? எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் வேறு என்னதான் செய்ய முடியும்? அலபாமா வேட்டைக்காரர்களின் கூடாரத்துக்கு நள்ளிரவில் அம்மணமாகப் போய் நிற்கும் காட்சியும் இதே ரகம்.

எங்கள் நிகழ்ச்சியில் நன்றாக ஓடிய ஒரு பகுதி உண்டு. எங்கள் ஆள் பாண்டி பஜாரில் நின்றுகொண்டே, "அண்ணே, பாண்டி பஜாருக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பார். "தம்பி, நீங்க நிக்கிறதே பாண்டி பஜார்தான்." "இல்லண்ணே, நான் கேக்கறது ஒரிஜினல் பாண்டி பஜார்." அவ்வளவுதான். வழி சொல்ல நின்றவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுவார், கடைக்காரர் ஆட்டோக்காரரைக் கூப்பிடுவார், அப்புறம் எங்கள் ஆளை மறந்துவிட்டுத் தங்களுக்குள்ளேயே விவாதம் ஆரம்பித்துவிடும். அதை வெட்டிச் சுருக்க மனசே வராது.

அடுத்த சீசனுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு: போன தடவையைவிடப் பெரிசா பண்ணுங்க. பெரிசு என்றால் சண்டை, தள்ளுமுள்ளு, அழவைப்பது. ஃபுட்டேஜ் வந்தது. முக்கால்வாசிப் பேர் ஒரு முறை முறைத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த அந்த முறைப்பையே மூன்று தடவை ஸ்லோமோஷனில் காட்டி, நடுவில் 'டொய்ங்' சத்தம் போட்டு நிமிடத்தை நிரப்பினோம். இன்றைக்கும் எந்த நிகழ்ச்சியிலாவது 'டொய்ங்' அதிகமாகக் கேட்டால், பாவம், அங்கே ஆள் நிற்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

'ப்ரூனோ'வில் நல்ல இடங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாற்காலிக்குப் பதில் மனிதர்களை மண்டியிட வைத்து, அவர்கள் முதுகில் பாடகி பவுலா அப்துலை உட்காரச் சொல்கிறான். அவரும் உட்கார்ந்து தன் சமூக சேவை பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்! குழந்தைகளை விளம்பரத்தில் நடிக்க வைக்க வரும் பெற்றோர்களின் காட்சி இன்னும் கொடுமை. எந்த ஆபத்தான நிபந்தனை சொன்னாலும் சரி, சரி என்று தலையாட்டுகிறார்கள். இரண்டிலும் ப்ரூனோ அடக்கமாகத்தான் கேட்கிறான் என்பதைக் கவனியுங்கள். லா டோயா ஜாக்சனை வைத்தும் ஒரு காட்சி எடுத்திருந்தார்கள். 2009 ஜூன் 25 அன்று அவர் தம்பி மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி வந்ததும் அதைத் தூக்கிவிட்டார்கள். படம் வெளியாகச் சுமார் இரண்டு வாரமே இருந்த நேரத்தில் அந்த எடிட்டிங் அறை என்ன பாடுபட்டிருக்கும் என்பது எனக்குப் புரியும்.

பிரபலமாகிவிட்ட முகத்தை வைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்ற முடியாது. எங்கள் தொகுப்பாளரிடம் ஆட்கள் செல்ஃபி கேட்க ஆரம்பித்த பிறகு நாங்களும் தெருவுக்குப் புதுமுகங்களைத்தான் அனுப்பினோம். 2020இல் வந்த இரண்டாவது 'போரட்' படத்திலும் அந்த யுக்திதான். தெருவில் எல்லோரும் போரட்டை அடையாளம் கண்டுகொள்கிறார்கள், அவன் மாறுவேடம் போடுகிறான். பாரத்தைச் சுமப்பது மகளாக நடித்த பல்கேரிய நடிகை மரியா பாகலோவா. ஆஸ்கர் பரிந்துரை வரை போனார்.

அந்தப் படத்தில் ஊரே பேசியது நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி மாட்டிக்கொண்ட காட்சியைப் பற்றி. நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது, மகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்படும் பெண்மணி வருகிற இடங்களை. மகள் சொல்லும் அபத்தங்களை எல்லாம் அவள் நிஜமாகவே நம்புகிறாள் என்று எண்ணி, நீ படிக்கலாம், கார் ஓட்டலாம், அறுவை சிகிச்சை எதுவும் உனக்குத் தேவையில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். அந்த எடிட்டருக்கு எதை வைப்பது, எதை விடுவது என்றுதான் திண்டாட்டமாக இருந்திருக்கும்.