குப்புறப் படுத்த ஜூன்

ஜூன் 1, 2024, சனி

இடது கண்ணில் விழித்திரை விலகி ஆபரேஷன், உள்ளே கேஸ் விட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தாச்சு. குப்புற.

ஜூன் 2, ஞாயிறு

பெஞ்சு விளிம்புக்கு வெளியே தலை. கீழே முக்காலி, அதன்மேல் தாம்பாளம், தாம்பாளத்தில் போன். எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. மணிக்கு ஐம்பது நிமிஷம் இப்படி. மிச்சம் பத்து நிமிஷத்துக்குள் சாப்பாடு, பாத்ரூம், சொட்டு மருந்து. வெள்ளை மூடி போட்டதைக் குலுக்கித்தான் விடணும். அம்மா குலுக்கும் சத்தம் கேட்டாலே கண் கூச ஆரம்பிக்கிறது.

போன் பார்க்கலாமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டேன். வலது கண்ணால் எதை வேண்டுமானாலும் பாருங்கள், தலை மட்டும் நிமிரக் கூடாது என்றார் டாக்டர்.

டெலிகிராம் நண்பர்கள் குரூப்பில் எல்லோரும் எப்படி இருக்கே என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் கட்டை விரலைப் போட்டேன். பங்காளி கேட்கவில்லை. கண்ணில் முதலில் மின்னிய அன்று ராத்திரி கார் ஓட்டியவன் அவன்தான்.

ஜூன் 4, செவ்வாய்

தேர்தல் முடிவு. காலையிலிருந்து பக்கத்து வீட்டு டிவி அலறுகிறது, குரூப்பிலும் அதே பேச்சு. என் கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரொம்ப நிம்மதியாக இருந்தது.

பங்காளி பெயருக்குக் கீழே 'சமீபத்தில் வந்தார்' என்று மட்டும் காட்டுகிறது. சமீபம் என்றால் எப்போது?

ஜூன் 5, புதன்

ராத்திரி பத்து மணிக்கு டீச்சர் ஊனோ சீட்டாட்டத்தை நடத்தும் 'பாட்' என்ற புரோகிராமைக் குரூப்பில் சேர்த்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரும் ஜாயின் போடுங்கள் என்றாள், போட்டார்கள். துபாயில் அப்போது எட்டரை. டொரண்டோக்காரனுக்கு மதியம் பன்னிரண்டரை, சாப்பாட்டு இடைவேளை. ஓசூர்க்காரன் நைட் ஷிப்ட் பஸ்ஸில் இருந்தான்.

ஆளுக்கு ஏழு கார்டு. மெசேஜ் அடிக்கும் இடத்தில் அந்த 'பாட்' பெயரை அடித்தால் நம் கையில் உள்ள கார்டுகள் ஸ்டிக்கர்களாக வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் அது குரூப்பில் விழும். அதுவரை நான் இதை ஆடியதே இல்லை. என் முறை வந்தது, பெயரை அடித்தேன். இரண்டைத் தவிர எல்லாமே சாம்பல் நிறம்.

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். தாம்பாளத்தைப் பார்த்தேன், பித்தளை மஞ்சளாகத்தான் இருந்தது. மிதியடியில் சிவப்புக் கட்டம் இருந்தது. அம்மாவின் புடவைக் கரை பச்சைதானா என்று அம்மாவையே கேட்டேன். பச்சைதான்டா, ஏன், என்றாள். குனிந்த தலையோடு அந்த அறையில் என்னென்ன நிறம் எட்டுமோ அத்தனையையும் பார்த்து முடித்தேன்.

அதற்குள் ஓசூர்க்காரன் "ஸ்கிப் போடவா?" என்றான். "போடாத. அவன் மெதுவா ஆடட்டும்" என்று டீச்சர் எழுதினாள். அப்புறம் எனக்குத் தனியாக ஒரு வரி: "சாம்பல்ல இருக்கறது இப்ப போட முடியாத கார்டு. வேற ஒண்ணும் இல்லடா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூன் 6, வியாழன்

சிவப்பு 7, சிவப்பு 7, பச்சை 7. ஜெயித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

இடது கண்ணுக்கு எதிரே போனை மூக்கு முட்டும் தூரத்துக்குக் கொண்டுபோனால் உருவம் தெரிகிறது. உள்ளே கேஸ் இருக்கும்வரை அப்படித்தான், கிட்டத்தில் மட்டும்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தூரத்தில் எல்லாம் தண்ணீர்.

நேற்று ஆடிய ஆட்டத்தை மேலே தள்ளி, குரூப்பில் கிடந்த மஞ்சள் கார்டு ஒன்றைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். வலது கண்ணில் மஞ்சள் மஞ்சளாக இருக்கிறது. இடது கண்ணில் வெளிறிக் கிடக்கிறது. அது கூடப் பரவாயில்லை. கார்டின் விளிம்பு நேராக இல்லை. நடுவில் உள்ளே வளைந்து, ரிஜிஸ்டர் விலகி, நிறத்தின் மேல் நிறம் பொருந்தாமல் அடித்த தாள் மாதிரி இரட்டையாகத் தெரிகிறது. அச்சகத்தில் அப்படி ஒரு தாள் வந்தால் அடுத்ததை அடிக்க விடமாட்டேன். மெஷினை நிறுத்திவிடுவேன்.

விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா ஒட்டிக்கொள்ளும், வளைவு மாதக் கணக்கில் மெல்ல நேராகலாம், முழுசாகும் என்று இப்போதே சொல்ல முடியாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்.

மறுபடி பார்த்தேன். வளைந்துதான் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

இந்தியா பாகிஸ்தான். நியூயார்க்கில் மழை, டாஸ் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் இரண்டு ஆட்டம் போட்டோம். அடுத்தவனை இரண்டு கார்டு எடுக்க வைக்கும் +2 மேல் இன்னொரு +2 போடலாமா என்று பெரிய தகராறு. கூடாது என்று 2019-ல் ஊனோ கம்பெனியே சொல்லிவிட்டது என்கிறான் டொரண்டோக்காரன். ஆனால் பாட் விடுகிறது. விட்டால் ஆடுவோம் என்றாள் டீச்சர். கடைசியில் நாலு +2 அடுக்கி என் தலையில் விழுந்தது, எட்டுக் கார்டு. எனக்கு அது பிடித்திருந்தது. நோயாளி என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மேட்சை அம்மா வாய்வழியாகக் கேட்டேன். 119-க்கு ஆல் அவுட் என்றதும் எழுந்து போய்விட்டாள். ஆறு ரன்னில் ஜெயித்ததைக் காலையில் நான்தான் சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

துபாய்க்காரன் ஹாம்ஸ்டர் காம்பட் லிங்க்கை மறுபடி அனுப்பியிருக்கிறான். திரையைத் தட்டினால் காசு ஏறும், நாலு பேரைச் சேர்த்தால் இன்னும் ஏறும். இதே மாதிரி தட்டிச் சேர்த்த நாட்காயின் போன மாதம் சந்தைக்கே வந்துவிட்டது, இதுவும் வரும் என்கிறான். வரட்டும். அவனுக்குக் கடன் இருக்கிறது, அவன் தட்டுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது வேண்டாம். அதில் நண்பன் என்றால் லிங்க்கை அழுத்துகிறவன், அதோடு அவன் வேலை முடிந்தது. ஊனோவில் நான் போடும்வரை நாலு ஊரில் நாலு பேர் ஆட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்கு வேண்டும். இந்த மாதம் வேறு எதுவும் எனக்காக நிற்கவில்லை.

கழுத்து வலி. தலையணையை மாற்றியும் போகவில்லை.

ஜூன் 13, வியாழன்

விடியற்காலை மூன்று மணிக்கு எனக்குத் தனியாக ஒரு பகடை வந்தது. பங்காளி. கூட ஒரு எழுத்துக் கூட இல்லை.

டெலிகிராமில் பகடைப் படத்தை மட்டும் அனுப்பினால் அது தானே உருண்டு ஒரு எண்ணில் நிற்கும். அனுப்புகிறவன் கையில் எதுவும் இல்லை. அவனுக்கு இரண்டு விழுந்திருந்தது. நான் அனுப்பினேன், ஐந்து. அவன் ஒன்று. நான் மூன்று. அப்புறம் அவன் அம்பு எறிந்தான், பலகையிலேயே படவில்லை. நான் கூடைப்பந்து போட்டேன். பால்காரர் மணி அடிக்கும்வரை இதேதான்.

"காலைல பாத்துக்கலாம் மாப்ள, தூக்கம் இல்லாததால மின்னுது" என்று காரில் அவன் சொன்ன அந்த ராத்திரியைப் பற்றி அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மேக்குலா அதற்கு முன்பே விலகியிருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். அதை அவனிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் இன்னொரு பகடை அனுப்பினேன்.

ஆறு.

ஜூன் 15, சனி

பக்ரீத் லீவு மூன்று நாள். இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். ஏப்ரலில் போட்ட திட்டம், இ-பாஸும் எடுத்தாச்சு, போயிட்டு வாங்க என்று நான்தான் சொன்னேன். ஏழாயிரம் அடி உயரம். அங்கே காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் கேஸ் விரியும், பிரஷர் ஏறினால் பார்வையே போய்விடும். அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட இந்த எச்சரிக்கைப் பட்டை. கேஸ் கரையும்வரை விமானமும் கிடையாது, மலையும் கிடையாது. இரண்டு மாதம் வரை ஆகலாம்.

இன்று ஆட்டம் வேண்டாம் என்று எழுதினேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மலையில் சிக்னல் இல்லை. ஓசூர்க்காரன் ஒரு கார்டு போட பத்து நிமிஷம். துபாயும் டொரண்டோவும் அப்படியே காத்திருந்தன. ஸ்கிப் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பங்காளி போகவில்லையாம். மதுரையிலேயே இருக்கிறான்.

ஜூன் 19, புதன்

பத்து நிமிஷ இடைவேளையில் நிமிர்ந்தபோது பார்வையின் மேல் பக்கம் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கேஸ். தலையைச் சாய்த்தால் கோடு ஆடுகிறது. அந்தத் தெளிவு வழியாக இடது கண்ணால் காலண்டரைப் பார்த்தேன். முருகன் தெரிந்தார், வேல் வளைந்திருந்தது. ஏழாம் தேதி பார்த்ததை விடக் குறைவா என்று அளக்க வழியில்லை. மஞ்சள் கார்டை மறுபடி வைத்துப் பார்க்கணும்.

ராத்திரி ஆட்டத்துக்குப் பங்காளி வந்தான். வந்ததும் என்மேல் +4. கையில் அதே நிறம் வைத்துக்கொண்டு +4 போட்டால் அது பொய், பொய் என்று அழுத்தலாம். பிடிபட்டால் நாலும் அவனுக்கு, பிடிபடாவிட்டால் எனக்கு ஆறு. அழுத்து அழுத்து என்று குரூப்பே கத்தியது. நாலையும் எடுத்துக்கொண்டேன். அவன் ஒன்றும் எழுதவில்லை. ஆட்டம் முடிந்ததும் தனியாகக் கேட்டான்: "நாளைக்கு எத்தன மணிக்கு?"

எட்டு மணிக்கு டோக்கன், ஏழேகாலுக்கு வா என்றேன். பழைய ரிப்போர்ட் ஃபைல் அவன் காரிலேயே கிடக்கிறதாம். பிரஷர் பார்ப்பார்கள். சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.