பாரிஸின் காலைப் பிடித்த கதை

பழைய நிலவரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தும் வேலையில் நான் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, துர்கோ வரைபடம் எனப்படும் பாரிஸ் நகரப் படத்தின் ஸ்கேன்கள் என் கணினிக்கு வந்து சேர்ந்தன. நகர நிர்வாகத் தலைவராக இருந்த மிஷெல் எத்தியென் துர்கோவின் ஆணைப்படி, 1734 முதல் லூயி பிரெத்தே மாளிகைகளுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் நுழையும் அனுமதியோடு அளந்து வரைய, குளோத் லூக்கா செப்புத்தகடுகளில் செதுக்கி, 1739இல் 20 தாள்களாக வெளிவந்த படம் அது.

தாள்களை ஒட்டுவதே முதல் தலைவலி. செப்புத்தகட்டு அச்சுக்குத் தாளை ஈரமாக்கித்தான் அழுத்துவார்கள். உலரும்போது ஒவ்வொரு தாளும் தன் போக்கில் சுருங்கிவிடும். ஒரு தாளின் ஓரத்தில் பாதியாக நிற்கும் வீட்டின் கூரை, அடுத்த தாளில் மயிரிழை தள்ளித்தான் தொடர்ந்தது.

பெரிய தவறு அதற்குப் பிறகு நடந்தது. பளிச்சென்று தெரிகின்றனவே என்று நோத்ர தாம் முதலிய தேவாலயங்களின் கோபுர உச்சிகளையே கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக, அதாவது இரு வரைபடங்களிலும் ஒரே இடமென்று சேர்த்துக் காட்டும் புள்ளிகளாக, குறித்துவிட்டேன். நான்கு நாள் உழைப்புக்குப் பின் பார்த்தால், உயரமான கட்டடங்கள் தென்கிழக்கே நழுவியிருந்தன. உயரமில்லாத பாலங்களோ எதிர்த்திசையில் விலகி நின்றன. எங்கள் பிரிவின் மூத்தவர் எட்டிப் பார்த்து, “தம்பி, தலையைப் பிடிச்சிருக்கீங்க; காலைப் பிடிங்க” என்றார். அலுவலகத்தில் காலைப் பிடிக்கச் சொன்னதை நான் மனமுவந்து ஏற்ற ஒரே சந்தர்ப்பம் அதுதான். இது நேர் மேலிருந்து பார்த்த படமன்று. வடமேற்கு வானத்தில் நின்று சாய்வாகப் பார்த்த படம்; அதில் கோபுரத்தின் உச்சி விழும் இடம் வேறு, அடி நிற்கும் இடம் வேறு. தொலைவில் உள்ள வீடும் அருகில் உள்ள வீடும் ஒரே அளவில் வரையப்பட்டிருப்பதால், நேர் மேலிருந்து பார்த்த படம் என்றே ஏமாந்துபோனேன். எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிட்டு, சுவர் தரையைத் தொடும் இடங்களைத் தேடினேன். அவற்றில் பலவற்றை முன்வரிசைக் கூரைகள் மறைத்திருந்தன.

இருந்தும், கிடைத்த சுவரடிகளை வைத்துப் பொருத்தி, மேல்படத்தைப் பாதி மங்கலாக்கிய அன்று, 1786இல் இடிக்கப்பட்ட நோத்ர தாம் பாலத்து வீடுகள், இன்று பேருந்து ஓடும் பாலத்தின் மேல் இரு வரிசையாக வந்து நின்றன. பிழை சில மீட்டர் இருந்தது. அறிக்கையில் அதைக் குறித்துவிட்டு, அந்த வீடுகளின் ஜன்னல்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.