பாலைத் தள்ளி வையுங்க, செகரெட்டரி தும்மப் போறாரு

பொள்ளாச்சிப் பக்கம், கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். காலை ஐந்தரைக்குப் பால் சொசைட்டியைத் திறப்பது என் வேலை. ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் கார்த்திகை வரைக்கும், பூட்டைத் திறக்கும்போதே மூக்குக்குள் எறும்பு ஊரும். அப்புறம் தும்மல். வரிசையில் நிற்கிறவர்கள் ஒருநாள் எண்ணியே பார்த்தார்கள், முப்பத்தொன்று. தலைப்பில் இருப்பது எங்கள் சொசைட்டியில் தினமும் யாராவது சொல்வதுதான். 2020 வரைக்கும் அது வேடிக்கை. கொரோனா வந்தபிறகு ஒரே தும்மலுக்குப் பாதி வரிசை கலைந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் பாலைத் தனியார் வண்டிக்கு ஊற்றப் போய்விட்டார்கள்.

இது மூக்கு ஒவ்வாமை. ஆங்கிலத்தில் இதற்கு வைக்கோலையும் காய்ச்சலையும் சேர்த்து 'ஹே ஃபீவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் அடித்ததே இல்லை. கண் அரிப்பு, தண்ணீர் மாதிரி ஒழுகும் மூக்கு, அண்ணத்தில் ஒரு நமைச்சல், அவ்வளவுதான். அதைச் சளி என்றே ஏழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெடிக்கலில் முதலில் அவில் கொடுத்தார்கள். பட்டுவாடா நோட்டின் மேலேயே தூங்கினேன். பிறகு செட்ரிசின், தூக்கம் கொஞ்சம் குறைவு. பிறகுதான் அந்தச் சொட்டு மருந்து. இரண்டு சொட்டு விட்டால் சில நிமிஷத்தில் மூக்கு கதவு திறந்த மாதிரி ஆகும். ஆரம்பத்தில் ராத்திரி மட்டும். ஆறு மாதத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. சட்டைப் பையில் ஒன்று, வண்டி டேங்க் கவரில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. கல்யாண வீட்டுக்குப் போனால் மொய்க்கவரை மறந்தாலும் சொட்டு பாட்டிலை மறந்ததில்லை. நடுவில் ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக்கும் ஒரு ஊசியும் போடுவார்கள். ஊசி போட்டால் பத்து நாள் சுகம். என்ன ஊசி என்று கேட்டால், "சளி ஊசிதான்."

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் மச்சான்தான் பாலக்காட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைச் சொன்னான். 2024 ஆடியில் போனேன். அம்மாவும் கூடவே வந்தது. உட்கார்ந்ததும் டாக்டர் என் மூக்கைத்தான் பார்த்தார், உள்ளே இல்லை, வெளியே. மூக்கு நுனிக்குக் கொஞ்சம் மேலே குறுக்கே ஒரு கோடு. "உள்ளங்கை வச்சு மேல தள்ளித் தேய்க்கும், அல்லே?" என்றார். வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து விழுந்த மடிப்பாம். கண்ணாடியில் தினமும் பார்த்த முகம், எனக்கே தெரியாது.

அடுத்து, "பொடி அலர்ஜி உண்டோ?"

அம்மா முந்திக்கொண்டது. "பொடியெல்லாம் போட மாட்டானுங்க சார். இவங்க அப்பாரு போடுவாரு, அதும் பட்டணம் பொடி."

மலையாளத்தில் பொடி என்றால் தூசி. டாக்டர் சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

பிறகு கேள்விகள். எந்த மாதம், எந்த நேரம், வீட்டிலா வெளியிலா, வீசிங் உண்டா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா. குழாயில் ஊத வைத்து நுரையீரலையும் சோதித்தார். இந்த மூக்கும் ஆஸ்துமாவும் பல பேருக்குச் சேர்ந்தே வருமாம். சொட்டு பாட்டில்களை மேசையில் எடுத்து வைத்தேன். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் அதை விடவே கூடாதாம். மீறினால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், அதற்கு மறுபடி மருந்து. ஒரு பக்கத்துக்கு முதலில் நிறுத்தச் சொன்னார், அது திறந்தபிறகு அடுத்த பக்கம். 'சளி ஊசி' ஸ்டீராய்டாக இருக்கலாம், அடிக்கடி போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்றார்.

எழுதிக் கொடுத்தது மூக்கு ஸ்ப்ரே. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அதே மருந்தை மூன்று வருஷம் முன்பு ஒருவர் கொடுத்து, "வேலைக்கு ஆகாது" என்று அலமாரியில் போட்டவன் நான். அதைச் சொன்னதும் டாக்டர் நர்சைக் கூப்பிட்டார். "அடிச்சுக் காட்டுங்க சேட்டா," என்றது அந்தப் பெண். தலையை அண்ணாந்து, நடுவில் குத்தி, சர்ரென்று இழுத்தேன். தொண்டையில் கசந்தது. "இதான் தப்பு. மருந்து வயித்துக்குப் போயி."

தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல், அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். பூ மோந்து பார்க்கிற அளவுக்கு மூச்சு போதும். தினமும் அடிக்க வேண்டும், ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். தும்மல் வந்தபோது மட்டும் அடித்தால் பயனில்லை. ஐந்து நிமிஷ வேலை. மூன்று வருஷமாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான்.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவவும் சொன்னார். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் கால் லிட்டருக்கு அரை ஸ்பூன் உப்பு. பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வருஷம் கேரளாவில் அமீபா மூளைக்காய்ச்சல் பேச்சாகவே இருந்தது, அம்மா பயந்து தண்ணீரை மூன்று கொதி விட்டது.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் தோல் டெஸ்டுக்கு ஒரு வாரம் அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். அந்த வாரம் பாலை அளந்தது என் மனைவி. டெஸ்ட் அன்றைக்கு முன்கையில் பேனாவால் கோடு போட்டு, சந்தேகப்படும் தூசி, மகரந்தம் ஒவ்வொன்றின் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குத்து. வலிக்காது. ஆனால் கால் மணி நேரம் சொறியாமல் உட்கார வேண்டும், அது பெரிய தவம். இரண்டு இடத்தில் கொசு கடித்த மாதிரி தடித்தது, பார்த்தீனியம், வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சி. நான் சந்தேகப்பட்ட மாம்பூ சும்மா இருந்தது. பூச்சி தேடி வருகிற பூக்களின் மகரந்தம் காற்றில் அவ்வளவு பறக்காதாம். சொசைட்டிக்குப் பின்னால் புறம்போக்கில் இடுப்பளவு பார்த்தீனியம்! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை நேராக என் ஜன்னலுக்குத்தான் கொண்டு வந்திருக்கிறது.

செடியைப் பூ விடுவதற்கு முன்னால் ஆள் வைத்துப் பிடுங்கினோம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தலையணை உறை வாரம் ஒருமுறை கொதிநீரில். அம்மாவின் மஞ்சள் புகை, சாம்பிராணி இரண்டுக்கும் தடை, இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் போடுகிற ஒவ்வாமை ஊசியும் உண்டு என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் போட்டபிறகு அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார வேண்டும். பால் நேரத்தை விட்டு அத்தனை தடவை பாலக்காடு போக முடியாது என்று தள்ளிப் போட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் ஆனிக் கடைசியிலேயே ஸ்ப்ரேயை ஆரம்பித்தேன். ஆடியில் ஒருநாள் அதிகபட்சம் ஆறு தும்மல்.

போன வாரம் பையன், ஒன்பது வயது, பல் விளக்கிக்கொண்டே உள்ளங்கையால் மூக்கை மேலே தள்ளித் தேய்த்தான். கூப்பிட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். கோடு இன்னும் விழவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, பாலக்காடு பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். இந்தத் தடவை அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் கேட்பதாக இல்லை.