பூஜ்ஜியமும் கோடும்

26 மே 2024

காதில் அடைப்பு இன்னும் போகவில்லை. பவளப்பாறை மீன்களை எண்ணப் போகும் எங்கள் படகு இன்று என்னை விட்டுவிட்டுச் சிங்கப்பூரின் புலாவ் ஹந்துத் தீவுக்குப் போயிற்று. தம்பி மாலையில் கொண்டுவந்து தந்த எழுதுபலகையில் டாம்செல் மீன்கள் 61, செம்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன் 2, களவா 1 என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. எட்டுப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீனுக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. மீன் இல்லையா, அல்லது நீ பார்க்கவில்லையா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே" என்றான்.

ஒன்றல்ல.

2 ஜூன்

தேடிப் பார்த்து இல்லை என்றால் பூஜ்ஜியம் போட வேண்டும். தேட முடியாமல் போனால் கோடு போட வேண்டும். இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இன்று தொலைபேசியில் மறுபடியும் சொன்னேன். கடலடியில் அளவுநாடாவை விரித்து, மிரண்ட மீன்கள் திரும்பி வரும்வரை பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு நாடாவின் இரு பக்கமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்கு எண்ணிக்கொண்டே நகர வேண்டும் என்பது முறை. இரண்டரை மீட்டர் என்று வகுத்தவர்கள் தெளிந்த கடலை நினைத்துத்தான் வகுத்திருப்பார்கள். நம் தென்தீவுகளில் 1960களில் பத்து மீட்டர் வரை தெரிந்ததாம். நிலமீட்பும் தூர்வாரலும் கிளப்பிவிட்ட வண்டலில் இப்போது இரண்டு மீட்டர் தெரிந்தாலே நல்ல நாள் என்று கரையேறுகிறோம். அப்படியானால் நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணிலும் மீனின் குறைவு எவ்வளவு, கலங்கலின் மறைப்பு எவ்வளவு என்று எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, காதுக்கு மருந்து விட்டீர்களா என்றான்.

9 ஜூன்

எட்டுப்பட்டை: மீண்டும் வெற்றிடம். தண்ணீர் வெந்நீர்போல இருந்ததாகச் சொன்னான்.

15 ஜூன்

நேற்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டிவிட்டது. செந்தோசாவின் மணல் கறுத்துக் கிடக்கும் படங்களைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைய பயணம் இல்லை. எண்ணெய் மேலேதான் மிதக்கும், உங்கள் பாறை கீழேதானே கிடக்கிறது என்று மனைவி ஆறுதல் சொன்னாள். நீர் வற்றும்போது பாறையின் தலை வெளியே வரும் என்று நான் சொல்லவில்லை.

23 ஜூன்

தேக்காவில் வாங்கி வந்த மீன்தலையைக் கறி வைத்தோம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மண்டையோட்டைப் பிளந்து காதுக்கற்கள் இரண்டையும் எடுத்துக் கழுவித் துடைத்தேன். ஒரு பக்கம் வழவழப்பாக வளைந்தும், மறுபக்கம் நடுவே ஒரு பள்ளத்தோடும், உடைந்த பீங்கான் சில்லைப்போல இருந்தன. மீனின் காதுக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் படிகிறது என்று 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் எழுதினார். அந்த வளையங்களை எண்ணினால், முட்டையிலிருந்து வெளிவந்து எத்தனை நாள் திறந்த கடலில் அலைந்து எந்த நாளில் பாறைக்கு வந்து சேர்ந்தது என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். அதுவும் காதில் எழுதிய நாட்குறிப்புதான். என் காதில் இரைச்சல் மட்டும் படிகிறது.

7 ஜூலை

அமாவாசை கடந்து இரண்டு நாள் ஆகிறது. பாறை மீன்களின் குஞ்சுகள் பெரும்பாலும் இத்தகைய இருட்டில்தான் வந்து இறங்குகின்றன. சொடுக்கு இறால்கள் ஓயாமல் எழுப்பும் படபடப்பையும் பாறையின் வாடையையும் பற்றிக்கொண்டு திசை அறிகின்றன. வலது காதில் எனக்கும் இரவெல்லாம் அதே படபடப்பு, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல. ஒரு பாறையில் மீன் இத்தனை என்பதை அங்குள்ள இடமும் இரையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ பொரித்த முட்டையும், நீரோட்டமும், வந்து இறங்கும் அந்த ஓரிரவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வெளுத்துச் செத்த பாறை அவ்வளவு சத்தம் போடாது.

14 ஜூலை

இந்த எண்ணிக்கையே வீண் என்று இன்று தோன்றுகிறது. இடுக்கில் ஒண்டிக் கிடக்கும் சுண்டுவிரல் அளவு உளுவைகளை நாடா பிடித்துச் செல்லும் எவரும் எண்ணுவதில்லை. ஆனால் பாறையில் இரையாகப் போகும் மீன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அத்தகைய பொடி மீன்களே என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கணக்கில் வராதவைதான் சோறு போடுகின்றன. நாமோ பட்டையும் வண்ணமும் உள்ளவற்றின் பின்னால் திரிகிறோம். நான்தான் முதல் ஆள்.

21 ஜூலை

கடல்நீரின் சூட்டில் பவளக் கூட்டங்களில் 30 முதல் 55 விழுக்காடு வரை வெளுத்திருப்பதாகத் தேசியப் பூங்காக் கழகம் சொல்லியிருக்கிறது. தம்பி அனுப்பிய படத்தில் கிளைப்பவளம் ஒன்று கொக்குச் சிறகுபோல வெளுத்து நிற்கிறது. அதன் நடுவே, கரும்பட்டைகள் பளிச்சென்று தெரிய, எட்டுப்பட்டை ஒரு ஜோடி. பலகையில் 2 என்று எழுதி அடியில் கோடிட்டிருந்தான். இத்தனை வாரமும் அவை அங்கேயே இருந்திருக்கக்கூடும். பவளம் பழுப்பாக இருந்தவரை கலங்கலில் தெரியாமல், அது வெளுத்த பிறகு கண்ணில் பட்டிருக்கின்றன.

22 ஜூலை

உறக்கம் இல்லை. செம்புப்பட்டை தன் நீண்ட மூக்கால் இடுக்கிலுள்ள புழுக்களைக் கொத்தித் தின்று எப்படியும் பிழைத்துக்கொள்ளும். எட்டுப்பட்டைக்குப் பவள மொட்டுகளைத் தவிர வேறு இரை இல்லை. அதைவிட எனக்கு அச்சம் தருவது, இந்த ஆண்டு எண்கள் பெரிதாகக் குறையாமலே இருந்துவிடலாம் என்பதுதான். சேஷல்ஸ் தீவுகளில் 1998இல் பவளம் வெளுத்து மாண்ட பிறகும் எலும்புக்கூடு நின்றவரை பல மீன்கள் அதை விட்டுப் போகவில்லை. அது நொறுங்கிச் சல்லியான பின்புதான் பல இனங்கள் வெகுவாகக் குறைந்தன. நல்ல எண்ணைக் காட்டி நலம் என்று எவரேனும் சொன்னால் நான் எதைக் காட்டி மறுப்பேன்?

4 ஆகஸ்ட்

செவிப்பறையில் இருந்த துளை மூடிவிட்டது என்றார் மருத்துவர். பதினெட்டாம் தேதிப் படகில் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன்.

17 ஆகஸ்ட்

பலகையைத் துடைத்துப் புதுப் பென்சில் கட்டினேன். வானம் மூடிக்கொண்டு வருகிறது. இரவில் பெய்தால் நாளை தண்ணீர் கலங்கும்.