காசிமேட்டுப் பையன்

நேத்து ஒருத்தர் கேட்டார், "பாஸ்டர், நீங்க பரம்பரைக் கிறிஸ்தவரா?"
சிரிப்பு வந்துடுச்சு. வீடு காசிமேடு. நைனாவுக்கு ஃபைபர் போட்டுல தொழில். ஆடியில அம்மனுக்குக் கூழ் ஊத்துற குடும்பம்.

ப்ளஸ் டூ ஃபெயிலாகி, ஹார்பர்ல ஐஸ் உடைச்சிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆயா, கண்ணு மங்கலா இருக்குன்னு பைபிள்ல லூக்கா 5-ஐ வாசிக்கச் சொல்லிச்சு. ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் சிக்காத பேதுரு! அன்னிக்குக் காலையில நைனாவும் வெறும் வலையோடதான் கரைக்கு வந்திருந்தார். பக்கத்தைப் புரட்டின என் விரல்ல மீன் கவிச்சி. (எங்க பக்கத்து ராயபுரம்ங்கிற பேரே ராயப்பர், அதாவது பேதுரு பேர்தான்னு அப்புறம்தான் தெரியும்.)

ஞானஸ்நானம் எடுத்ததும் நைனா ஆறு மாசம் பேசல. இப்போ ஆராதனை முடிஞ்சு போனா, சங்கரா மீன் குழம்பை என் பக்கம் தள்ளி வெச்சுட்டு, "பிரசங்கம் ரொம்ப நீளமாமே, ஆயா சொல்லிச்சு"ங்கறார்.